ஆளில்லாத வீட்டில் ஓடிய மீட்டர்

கோட்டையூரில் நண்பரின் தாத்தா கட்டிய வீட்டுக்கு வந்த கரண்ட் பில் 437 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 243 யூனிட். வீட்டில் ஆறு பங்கு. ஆளுக்கு 73 ரூபாய்கூட வராது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அங்கே யாரும் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. படைப்பு (முன்னோர் வழிபாடு) இல்லை, கல்யாணம் இல்லை. காலையில் ஒரு அம்மா வருவார், வாசல் தெளித்து, வளவை (நடுமுற்றத்தை)க் கூட்டி, சாமி வீட்டில் விளக்கேற்றிவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு "யார் வந்து ஏசி போட்டது?" என்று தொடங்கி, "பேசாமல் இணைப்பையே ஈ.பி.யில் ஒப்படைத்துவிடலாம்" என்பது வரை போய்விட்டது. ஒப்படைக்கும் முன் நேரில் பார்த்துவிடுவோம் என்று நண்பர் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். காரைக்குடியிலிருந்து ஒரு எலக்ட்ரீசியனும் வந்து சேர்ந்தார்.

முகப்பில் ஏறியதுமே வலது பக்கச் சுவரில் மீட்டர் பலகை. எலக்ட்ரீசியன் டெஸ்டரைக்கூட எடுக்கவில்லை. மீட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் திறந்தார். மின்னணு மீட்டரின் முகத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ் என்று அச்சிட்டிருக்கும். இந்த மீட்டரில் 3200.

"ஏழரை செகண்டுக்கு ஒரு தடவை அடிக்குதுண்ணே. நூத்தம்பது வாட் ஓடிக்கிட்டு இருக்கு."

கணக்கு இதுதான்: 3200 மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்றால், 1125-ஐ இரண்டு மினுக்கலுக்கு இடையிலான விநாடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். 1600 பல்ஸ் மீட்டராக இருந்தால் 2250-ஐ வகுக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம், கடிகாரம் போதும்.

நூற்றைம்பது வாட் என்பது காதுக்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட். அறுபது நாளைக்கு 216. பில்லில் வந்த 243-இல் பெரும்பங்கு அந்த மினுக்கலிலேயே தெரிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியபோது வீடுகளுக்கு இருந்த நிலைக்கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். வேறு பல மாநிலங்களில் இத்தனை கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணம் உண்டு. பூட்டிக் கிடந்தாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். இங்கே ஆளில்லாத வீட்டின் பில் பூஜ்யமாக இருப்பதுதான் இயல்பு. நூறைத் தாண்டினால், உள்ளே ஏதோ ஒன்று யாருக்கும் பயனில்லாமல் ஓடுகிறது என்று பொருள்.

அந்த நூறு யூனிட்டை மணிக்கணக்கில் பிரித்தால் ஏறக்குறைய 70 வாட். 3200 பல்ஸ் மீட்டரில் அது 16 விநாடிக்கு ஒரு மினுக்கல். பூட்டப் போகும் வீட்டில் கடைசியாகச் செய்ய வேண்டிய சோதனை இது: கதவைச் சாத்துமுன் மீட்டர் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பதினாறு விநாடிக்குக் குறைவான இடைவெளியில் மினுக்கினால் பில் வரப்போகிறது.

முதலில் மெயின் சுவிட்சை இறக்கினார்கள். மினுக்கல் நின்றது. மெயினை இறக்கியும் மினுக்கினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். காலி வீடுகளில் அது நடக்கக்கூடியதுதான். இங்கே அது இல்லை. மெயின் ஏறியிருந்தபோதும் மீட்டரில் 'எர்த்' என்று குறித்த விளக்கு எரியவில்லை. ஈரச் சுவரிலோ நைந்த ஒயரிலோ கசிந்து மண்ணுக்குப் போகும் மின்சாரத்தையும் மீட்டர் நம் கணக்கில்தான் எழுதும். அப்படி இருந்தால் பெரும்பாலும் இந்த விளக்கு காட்டிக்கொடுக்கும். ஆகவே திருட்டும் இல்லை, கசிவும் இல்லை. ஓடுவது நம்முடைய சாமான்தான். மெயினை மறுபடி ஏற்றிவிட்டு உள்ளே நடந்தோம்.

வளவில் கால் வைத்ததும் ஒரு ரீங்காரம் கேட்டது. பட்டாலை மூலையில் இன்வெர்ட்டர். நண்பரின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கி வைத்தது. கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளை பெண் வெளிநாடு போய்விட்டார்கள், இன்வெர்ட்டர் மட்டும் அதே மூலையில் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டே இருக்கிறது. எலக்ட்ரீசியன் பேட்டரி மேல் கையை வைத்தார். சூடு. மேலே நீர்மட்டம் காட்டும் ஆறு மிதவைகளில் நான்கு அடியில் இறங்கிக் கிடந்தன. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார்; தண்ணீர் இறங்கி, ஈயத் தகடுகளின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தது.

"டிஸ்டில் வாட்டர் ஊத்தி எத்தனை நாளாச்சோ. இது இனிமே நிறையவே நிறையாதுண்ணே. நிறையலைன்னு இதுவும் விடாம இழுத்துக்கிட்டே இருக்கும்."

கெட்டுப்போன பேட்டரியின் குணமே அதுதான். நல்ல பேட்டரி நிறைந்ததும் சொற்பமாகத்தான் இழுக்கும். கெட்டது முழுச் சார்ஜை எட்டாமல் தொடர்ந்து வாங்கும். வாங்கியதைச் சூடாகவும் வாயுவாகவும் விடும். அந்த வாயுவில் ஹைட்ரஜன் உண்டு. மரக்கதவும் மர உத்தரமுமாக இருக்கிற, ஜன்னல் திறக்க ஆளில்லாத வீட்டில் இது கரண்ட் பில்லைவிடப் பெரிய கவலை.

இன்வெர்ட்டரை அணைத்தார்கள். நான் மீட்டருக்கு ஓடினேன். ஏழரை விநாடி பதின்மூன்றாகியிருந்தது. ஒரே பொருள், 60 வாட்டுக்கு மேல்.

அணைத்துவிட்டு அப்படியே போட்டு வைக்கலாமா என்று கேட்டேன். கூடாதாம். ஈய அமில பேட்டரி சும்மா கிடந்தால் தானாகவே இறங்கி, தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். நல்ல பேட்டரியாக இருந்தால் ஆள் குடியிருக்கும் ஒரு பங்காளி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இது போன்றதைப் பேட்டரிக் கடையில் எக்ஸ்சேஞ்ச் விலைக்குக் கொடுத்துவிடலாம். ஆளில்லாத வீட்டில் கரண்ட் போனால் வெளிச்சம் யாருக்கு என்று நண்பர் சொன்னதும், வாட்ஸ்அப்பில் சித்தப்பாவிடமிருந்து உடனே கட்டைவிரல் வந்தது.

அடுத்தது சாமி வீடு. கதவுக்கு மேலே சிவப்பாக ஒரு சின்ன பல்பு, இரவும் பகலும். முகப்பிலும் ஒன்று. கடையில் 'ஜீரோ வாட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதே பழைய இழை பல்பு. ஜீரோ என்பது பேரில்தான். எரியும்போது 12 முதல் 15 வாட் வரை வாங்கும். இரண்டு பல்பு இரண்டு மாதம் அணையாமல் எரிந்தால் 40 யூனிட். இலவச நூறில் ஐந்தில் இரண்டு பங்கை இந்த இரண்டு சின்ன பல்புகளே தின்றுவிடுகின்றன.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அதை எடுப்பதில் சம்மதமில்லை. "அணைச்சிராதீக தம்பி. ஆச்சி இருந்த காலத்துலேருந்து எரியுது."

"அணைக்கலக்கா, பல்ப மட்டும் மாத்துறோம்" என்றார் நண்பர். எலக்ட்ரீசியன் பையிலிருந்து அரை வாட் எல்.ஈ.டி. இரண்டு எடுத்துப் போட்டார். அதே சிவப்பு. சாமிக்கும் குறையில்லை, அக்காவுக்கும் குறையில்லை. மீட்டர் 18 விநாடிக்கு வந்தது. பதினாறைத் தாண்டிவிட்டோம்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். எலக்ட்ரீசியன் விடவில்லை. "காவலுக்கு வச்ச கேமரா, நெட் பாக்ஸ் போக இன்னும் பதினஞ்சு வாட் எங்கேயோ போகுது" என்றார்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். வளவு பொது. வளவைச் சுற்றியுள்ள இரட்டை வீடுகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பங்காளிக் குடும்பத்துக்கும், தனித்தனி. அவரவர் பூட்டு, அவரவர் சாவி. ஒரு சாவி சென்னையில், ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று சிங்கப்பூரில். மீட்டர் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. பூட்டிய அறைக்குள் ஓடுவதற்கு யார் பில் கட்டுவது என்ற பேச்சு பிறகு. முதலில் எந்த அறை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வழி முகப்பிலேயே இருந்தது. மெயினுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பீங்கான் பியூஸ் கேரியர்கள். ஒவ்வொரு கேரியரும் ஒரு பக்கத்து அறைகளுக்கு. எலக்ட்ரீசியன் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், நான் மினுக்கலை எண்ணினேன். நான்காவதைப் பிடுங்கியதும் 18 விநாடி 24 ஆனது. கதவிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால், சுவரில் ஏசி ஸ்டெபிலைசரின் விளக்கு பச்சையாகத் தெரிகிறது. கேரியரைச் செருகினால் எரிகிறது, பிடுங்கினால் அணைகிறது. ரிமோட்டில் ஏசியை நிறுத்தியவர்கள் சுவர் சுவிட்சை நிறுத்த மறந்துவிட்டார்கள். ஏசி ஓடாவிட்டாலும் ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் சும்மா இருக்காது. தொலைக்காட்சி செட்டாப் பாக்ஸும் அப்படித்தான். ரிமோட்டில் அணைத்தால் திரைதான் கறுக்கும்.

பிடுங்கிய கேரியரை எலக்ட்ரீசியன் என் கையில் கொடுத்தார். பியூஸ் ஒயர் இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ ஒயரிலிருந்து உரித்த செப்பு இழைகளைக் கனமாக முறுக்கி வைத்திருந்தது. எப்போதோ ஒரு விசேஷத்தில் பியூஸ் அடிக்கடி போயிருக்கும்; யாரோ "இனிமே போகாது" என்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சொன்னபடியே போகாது. உள்ளே ஷார்ட் ஆனாலும் போகாது. சுவரில் மரக் கேசிங்குக்குள் ஓடும் பழைய ஒயர்தான் முதலில் எரியும். பூட்டிய அறை, சாவி வெளியூரில், உள்ளே இரவும் பகலும் மின்சாரம், அதைத் தடுக்க வேண்டிய பியூஸ் இப்படி. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 437 ரூபாயைத் தேடி வந்தவர்கள் அதுவரை பார்த்ததிலேயே பெரிய விஷயம் அதுதான்.

அங்கேயே முடிவானது: பீங்கான் வரிசையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எம்.சி.பி. (தானாக விழும் சுவிட்ச்), அதன் மேல் பேர் எழுதி. எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; கசிவு வந்தால் உடனே துண்டிப்பது. அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் தன் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் போக வேண்டும். மறந்தால் கூட்ட வரும் அக்கா இறக்கிவிடலாம், சாவி வேண்டியதில்லை. கேமராவுக்கு மட்டும் தனி ஆர்.சி.சி.பி.யோடு தனி லைன். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் எங்கோ ஈரம் இறங்கி ஆர்.சி.சி.பி. விழும், காவலுக்கு வைத்த கேமராவும் அதோடு சேர்ந்து படுத்துவிடும்.

கேமராவும் இணையப் பெட்டியும் சேர்ந்து 45 வாட். மாதம் 33 யூனிட். இதைக் குறைக்கலாமா என்று யோசித்துவிட்டு வேண்டாம் என்றார் நண்பர். பர்மா தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் கழற்றி விற்கப்படும் ஊர்ப்பக்கம் இது. அந்த 45 வாட் செய்யும் வேலைக்கு ஆள் போட்டால் எவ்வளவு கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாங்கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனோம். மோட்டார் அப்போது ஓடவில்லை. "தினம் எவ்வளவு நேரம் போடுவீங்கக்கா?" என்று கேட்டதற்கு, "தொட்டி நெறைய அரை மணி ஆகும் தம்பி" என்றார். வாசல் தெளிக்கவும் செடிக்கு ஊற்றவும் இரண்டு வாளி போதும். தொட்டி எப்படித் தினமும் காலியாகிறது? மாடியேறிப் பார்த்தால் பதில் கிடைத்தது: பின்கட்டு குளியலறையின் வால்வு இறுக மூடவில்லை, மெல்லிய தாரையாக இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒரு குதிரைசக்தி மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் எடுக்கும். இரண்டு மாதக் கணக்கில் பில்லில் மீதியிருந்த இருபத்து சொச்சம் யூனிட் இங்கேதான் போயிருக்கிறது. வாஷர் மாற்றினால் தீரும். வாரம் ஒருமுறை மோட்டார் ஓடினால் போதும். ஓடாமலே போட்டால் அது இறுகிக்கொள்ளும் என்பதால் அந்த ஒருமுறையும் வேண்டும்.

கூட்டிப் பார்த்தோம். கேமரா 66 யூனிட், எல்.ஈ.டி. இரண்டும் சேர்ந்து ஒன்றரை, மோட்டார் நாலைந்து, அக்கா கூட்டும்போது போடும் விளக்கும் விசிறியும் சொற்பம். இரண்டு மாதத்துக்கு 75-க்குள் நிற்கும். பில் பூஜ்யம். செலவு: இரண்டு பல்பு, ஒரு வாஷர். எம்.சி.பி. பலகைக்கு ஆகும் பணம் வேறு. அது கரண்ட் மிச்சத்துக்கு அல்ல, வீடு எரியாமல் இருப்பதற்கு.

அப்படியானால் இணைப்பை ஒப்படைக்கும் யோசனை? அதில் மிச்சமாக ஒன்றுமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பில் போகாது. ஆனால் திரும்ப வாங்கப் போனால் பதிவுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், மீட்டர் வைப்புத்தொகை எல்லாம் புதிதாக. அதைவிடப் பெரிய தடை காகிதம். புது இணைப்புக்கு உரிமை ஆவணம் வேண்டும்; பிரிக்காத பங்கு வீட்டில் மற்ற பங்காளிகளின் ஒப்புதல் வேண்டும். ஆறு பேரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும். சூரியசக்தித் தகடு போடலாம் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு அது நல்ல யோசனை. பில்லே வராத வீட்டில் எதை மிச்சப்படுத்த?

மீட்டர் முகப்புக்குள் இருப்பதில் இன்னொரு வில்லங்கம். அக்கா காலையில் பூட்டிவிட்டுப் போகிறார். கணக்கெடுக்க வருபவர் பகலில் வருகிறார். கதவு பூட்டியிருந்தால் 'டோர் லாக்' என்று குறித்து முந்தைய கணக்கின் தொகையையே போடுவது வழக்கம். அடுத்து அளவெடுக்கும்போது நேராகும். முந்தைய கணக்கு சும்மா கிடந்த மாதங்களுடையது என்றால் பரவாயில்லை. சாந்தியோ கல்யாணமோ நடந்த மாதங்களுடையது என்றால், காலி வீட்டுக்குக் கல்யாண வீட்டுப் பில் வரும். இரண்டு முறைக்குச் சேர்த்து அளவெடுக்கிறபோது யூனிட்டை இரண்டு தவணையாகப் பிரித்து, தவணைக்கு நூறு இலவசம் கழித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஊரடங்குக்குப் பிறகு ஊர் முழுக்கப் பேசப்பட்ட கணக்கு இதுதான். மீட்டரை வெளிச்சுவருக்கு மாற்ற விண்ணப்பிப்பது நிரந்தரத் தீர்வு. அதுவரை அக்காவின் கைபேசி எண்ணைக் கதவில் ஒட்டி வைக்கலாம்.

விசேஷ மாதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2024 ஜூலைக் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றால் இரண்டாவது நூறுக்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு. 500-ஐத் தாண்டினால் அதே நூறு 4 ரூபாய் 70 காசாகிவிடும். அதாவது 501-ஆவது யூனிட் தன் விலையோடு 235 ரூபாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். விசேஷத்துக்கு முன்பும் பின்பும் மீட்டரைப் படம் பிடித்து வைத்தால், நடத்திய புள்ளி தன் பங்கைத் தனியாகக் கொடுத்துவிடலாம். மற்றவர்களும் முணுமுணுக்க மாட்டார்கள்.

கடைசியாகத் தாத்தா பேரில் இருக்கும் இணைப்பு. பில் குறுஞ்செய்தி இத்தனை காலமும் நண்பரின் மறைந்த பெரியப்பாவின் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது; அந்த எண்ணே இப்போது இல்லை. கட்டவேண்டிய கெடு அளவெடுத்த நாளிலிருந்து 20 நாள். தெரியாமல் தவறினால் துண்டிப்பு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கையெழுத்துகள் சேர நாளாகும் என்பதால், முதல் வேலையாகக் கைபேசி எண்ணை மாற்றிவிட்டார் நண்பர்.

பூஜ்யப் பில்லில் ஒரு ஆபத்தும் இருக்கிறது என்று எலக்ட்ரீசியன் கிளம்பும்போது சொன்னார். கட்ட வேண்டிய பணம் இல்லையென்றால் யாரும் பில்லைத் திறந்து பார்ப்பதில்லை. 75 யூனிட் 95 ஆனாலும் தெரியாது. அதனால் குடும்பக் குழுவில் புது ஏற்பாடு போட்டிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நண்பர் தொகையை எழுத மாட்டார், யூனிட்டை எழுதுவார். எண்பதைத் தாண்டினால் எலக்ட்ரீசியன் வந்து மீட்டர் முன்னால் உட்கார வேண்டும். அவர் கூலி ஆறு பங்கு.